2004 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட கட்டிகள்

2016 முதல் 2020 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 25 பேருக்கு மூளையிலோ அதைச் சார்ந்த மைய நரம்பு மண்டலத்திலோ புதிதாகக் கட்டி கண்டறியப்பட்டது. துல்லியமாகச் சொன்னால் 24.8. அதில் புற்றுத்தன்மை உள்ளவை 6.9, மற்ற 17.9 புற்றல்லாதவை. 2003-இல் தேசிய அளவில் இதே கணக்கைக் கேட்டிருந்தால் அரசிடமிருந்து கிடைத்திருக்கக்கூடிய பதில் 7-ஐ ஒட்டிய எண் மட்டும்தான். பத்தில் ஏழு கட்டிகள் தேசியக் கணக்குக்கு வெளியே இருந்தன. அந்த நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, சிலருக்குப் பார்வை போனது, சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். பதிவேட்டில் மட்டும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

2004 ஜனவரி 1 அன்று இது மாறியது. அன்று முதல் கண்டறியப்படும் மூளை, நரம்பு மண்டலக் கட்டி எதுவானாலும், புற்றோ இல்லையோ, மாநிலப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது சட்டம். இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது, எப்படி நடந்தது, அதன் பிறகு ஏறிய எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. ஒரு கட்டியை எண்ணுவதா வேண்டாமா என்ற முடிவு, பிற்பாடு வரும் எல்லா விகிதங்களையும் வரைபடங்களையும் தீர்மானித்துவிடுகிறது. மூளைக் கட்டியில் இது தெரிகிற அளவுக்கு வேறு எந்த உறுப்பிலும் தெரியாது என்பது என் எண்ணம்.

எண்ணாமல் விட்டதற்கான காரணம்

மக்கள்தொகை சார்ந்த பதிவேடு என்பது ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல் அல்ல. ஒரு மாவட்டமோ மாநிலமோ நாடோ, குறிப்பிட்ட எல்லைக்குள் வசிக்கும் எல்லோரிடத்தும் புதிதாக வரும் ஒவ்வொரு நோயையும் தேடிப் பிடித்து, ஒருமுறை மட்டும் எழுதுவது அதன் வேலை. மருத்துவமனைப் பட்டியல் அங்கே வந்தவர்களைப் பற்றிச் சொல்லும். மக்கள்தொகைப் பதிவேடு அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்.

அமெரிக்காவில் இதன் நவீன வடிவம் 1971-ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தைத் தொடர்ந்து வந்தது. 'சீர்' என்று அழைக்கப்படும் கண்காணிப்புத் திட்டம் 1973 ஜனவரி 1 முதல் கண்டறியப்பட்ட நோயாளிகளைப் பதியத் தொடங்கியது. அயோவா, கனெக்டிகட், யூட்டா, நியூ மெக்சிகோ, ஹவாய் போன்ற பகுதிகள் முதலிலேயே இருந்தன. நாட்டின் ஒரு பகுதியை மட்டும்தான் 'சீர்' பார்த்தது. மற்ற மாநிலங்களிலும் பதிவேடு வேண்டும் என்று 1992-இல் தனிச் சட்டம் வந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கீழ் தேசியப் பதிவேட்டுத் திட்டம் பிறந்தது அப்படித்தான்.

இரண்டும் புற்றுநோய்க்காக உருவானவை. மார்பிலோ குடலிலோ பரவாத, அருகில் உள்ள திசுவை ஊடுருவாத கட்டியை விட்டுவிடுவதில் பெரிய பாதகம் இல்லை. வெட்டி எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. இந்த விதியை அப்படியே தலைக்குள்ளும் கொண்டுபோனார்கள். அங்கேதான் பிழை.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா எங்கும் பரவாமலே முன்மூளையை அழுத்தி ஒருவரின் குணத்தையே மாற்றிவிடும். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் அடினோமா பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை நசுக்கி, இரு பக்கப் பார்வையையும் தின்னும். செவி நரம்பின் உறையில் வரும் ஷ்வன்னோமா கேட்கும் திறனைப் பறித்து, விட்டால் மூளைத்தண்டை நெருக்கும். நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் செல்கள், இடம் சரியில்லை என்பதாலேயே உயிருக்கு ஆபத்தாகின்றன. அமெரிக்க மத்திய மூளைக் கட்டிப் பதிவகத்தின் 2016–2020 அறிக்கையின்படி, புற்றல்லாத கட்டி வந்தவர்களின் ஐந்தாண்டு ஒப்பீட்டு உயிர்வாழ்வு, அதாவது அதே வயதுப் பொது மக்களோடு ஒப்பிட்ட அளவு, ஏறத்தாழ 92 விழுக்காடு. புற்றுத்தன்மை உள்ளவற்றில் அது 36. வேறுபாடு பெரியதுதான். ஆனால் 92 என்பது 100 அல்ல. அந்த 92-க்குள் இருப்பவர்களில் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் வாழ்நாள் முழுக்க வலிப்பு மாத்திரையோடு இருக்கிறார்கள் என்பதை உயிர்வாழ்வு விகிதம் சொல்வதில்லை.

சட்டம்

1992-இல் லாபநோக்கற்ற அமைப்பாக அமெரிக்க மத்திய மூளைக் கட்டிப் பதிவகம் தொடங்கப்பட்டது. மூளைக் கட்டி நோயாளிகளுக்காக இயங்கியவர்களின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. அது தானாக நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. புற்றல்லாத கட்டிகளையும் ஏற்கெனவே தாமாக விரும்பிப் பதிந்துவந்த மாநிலங்களிடமிருந்து தரவைப் பெற்று, ஒன்றாகக் கோத்து, 1995-இல் முதல் அறிக்கையை வெளியிட்டது. சில மாநிலங்கள் மட்டும் செய்வதை எல்லா மாநிலங்களும் செய்ய முடியும் என்பதற்கு அந்த அறிக்கைகளே சான்றாக நின்றன.

செனட்டில் ஜாக் ரீடும் பிரதிநிதிகள் அவையில் பார்பரா லீயும் மசோதாவை முன்னெடுத்தார்கள். 2002 அக்டோபர் 29 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். சட்ட எண் 107-260. பதிய வேண்டிய இடங்களை அது பெயர் சொல்லியே பட்டியலிட்டது: மூளை, மூளையுறை, தண்டுவடம், அதன் அடிநுனியில் குதிரைவால் போல் பிரியும் நரம்புக் கற்றை, மண்டை நரம்புகள், மைய நரம்பு மண்டலத்தின் பிற பகுதிகள், பிட்யூட்டரி சுரப்பி, பீனியல் சுரப்பி, பிட்யூட்டரியோடு தொடர்புள்ள கிரேனியோஃபேரிஞ்சியல் குழாய்.

கடைசி மூன்றும் முக்கியமானவை. உலகெங்கும் பயன்படும் நோய் வகைப்பாட்டில் மூளையுறைக்கு சி70, மூளைக்கு சி71, தண்டுவடத்துக்கும் மண்டை நரம்புகளுக்கும் சி72 என்று எண். பிட்யூட்டரியும் பீனியலும் அந்தக் குழாயும் நாளமில்லாச் சுரப்பிகளோடு சேர்ந்து சி75-இல் கிடக்கின்றன. சி70 முதல் சி72 வரை மட்டும் எடுப்பவர் பிட்யூட்டரிக் கட்டி ஒன்றையும் பார்க்கமாட்டார். நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டைக்குள் எதைத் தொடுகிறாரோ அதை வைத்துத்தான் அமெரிக்கச் சட்டம் எல்லை வகுத்தது. வகைப்பாட்டு நூலின் அத்தியாயப் பிரிவைப் பின்பற்றவில்லை. இது மிகச் சரியான முடிவு.

ஒரு பதிவு பயணிக்கும் விதம்

அயோவாவின் சிறு நகரம் ஒன்றில் வாழும் 67 வயதுப் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கற்பனை. படியில் தவறி விழுகிறார், அவசர சிகிச்சைப் பிரிவில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். எலும்பு முறிவு இல்லை. ஆனால் இடது முன்பக்க மூளையுறையில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்று தெரிகிறது. தொந்தரவு தராத மெனிஞ்சியோமா. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். அறுவை இல்லை, திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் இல்லை.

பயாப்ஸி இல்லை என்றால் நோய்க்குறியியல் அறிக்கை இல்லை. பதிவேட்டுக்கு வரும் செய்திகளில் பெரும்பகுதி அந்த அறிக்கைகளின் வழியாகத்தான் வருகிறது. பிறகு இந்தப் பெண்மணியை எப்படிப் பிடிப்பது? மருத்துவமனையின் நோய்க்குறியீட்டுப் பட்டியல்தான் வழி. சிகிச்சைக் கட்டணத்துக்காக எழுதப்படும் குறியீடுகளில் மூளையுறையின் புற்றல்லாத கட்டிக்கு டி32 என்று ஓர் எண் உண்டு. 2004-க்கு முன் இப்படிப்பட்ட குறியீட்டைப் பதிவாளர் தாண்டிப் போயிருப்பார். இப்போது கோப்பைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் ஸ்கேன் அறிக்கையின் வாசகம். 'மெனிஞ்சியோமாவுடன் ஒத்துப்போகிறது' என்றோ 'பெரும்பாலும் மெனிஞ்சியோமா' என்றோ கதிரியல் மருத்துவர் எழுதியிருந்தால் பதியலாம். 'மெனிஞ்சியோமாவாக இருக்கக்கூடும்', 'மெனிஞ்சியோமாவை மறுக்க இயலாது' என்று எழுதியிருந்தால் பதியக் கூடாது. எந்தச் சொற்றொடர் எந்தப் பக்கம் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. 'கட்டி', 'புதுவளர்ச்சி' என்று எழுதினால் பதிவுக்கு உரியது, 'திரள்', 'புண்' என்று மட்டும் எழுதினால் போதாது. மருத்துவர் எழுதும் பழக்கம் நாட்டின் நோய் விகிதத்தில் போய்ச் சேர்கிறது என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

பதிவாளர் எழுதுவது இப்படி: இடம் சி70.0, பக்கம் இடது, செல்வகை 9530 (மெனிஞ்சியோமாவுக்கான எண்), அதன் பின் சாய்கோட்டுக்கு அப்பால் 0. இந்தக் கடைசி இலக்கம்தான் கட்டியின் போக்கைச் சொல்வது. 0 என்றால் புற்றல்லாதது, 1 என்றால் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதது, 3 என்றால் புற்று. உறுதிசெய்த முறை என்ற கட்டத்தில் 7, அதாவது படமெடுத்து மட்டும். நோயாளியின் கட்டி வரிசை எண் 60. புற்றுக் கட்டிகளின் வரிசை 00-வில் தொடங்கும், புற்றல்லாதவற்றுக்கு 60-இல் தொடங்கும் தனி வரிசை. நாளை இவருக்கு மார்பகப் புற்று வந்தாலும் இந்த மெனிஞ்சியோமா அந்தக் கணக்கைக் குழப்பாது. கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சு, பரவல் மூன்றையும் வைத்து நுரையீரலுக்கும் குடலுக்கும் நிரப்பும் டி.என்.எம். நிலை மூளைக் கட்டிக்குக் கிடையாது. பரவலை வைத்து அளக்கும் அந்த முறை இங்கே பொருந்தாது. தரம் ஒன்று முதல் நான்கு வரை என்பதுதான் இங்கே பேசும்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண்மணி இரண்டாவது கருத்துக்காக மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்குக்குப் போகிறார். அங்கேயும் பதிவு உண்டு. மின்னசோட்டாவின் மாநிலப் பதிவேட்டுக்குத் தகவல் போகிறது. அவர் வசிப்பது அயோவா என்பதால், மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி அது அயோவாவுக்கு அனுப்பப்படுகிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒப்பிட்டு இரண்டும் ஒருவரே என்று கண்டு ஒரே பதிவாக்குகிறார்கள். கணக்கு அயோவாவில் ஒன்று, மின்னசோட்டாவில் பூஜ்யம். நோய் கண்டறியப்பட்ட நாளில் எங்கே குடியிருந்தார் என்பதே எண்ணிக்கைக்கு அடிப்படை. எங்கே சிகிச்சை பெற்றார் என்பதல்ல. விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பது அந்த ஊரின் மக்கள்தொகை. மேற்பகுதியிலும் அதே ஊர்க்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும்.

இன்னொரு விதி பலருக்கு வியப்பளிக்கும். நுரையீரல் புற்று மூளைக்குப் பரவி அதனால் ஒருவர் இறந்தாலும் அவர் மூளைக் கட்டிக் கணக்கில் வரமாட்டார். அவர் நுரையீரல் கணக்கில்தான் இருப்பார். மூளைக்குப் பரவி வரும் கட்டிகள் மூளையிலேயே தோன்றுபவற்றைவிட அதிகம் என்பதை நரம்பியல் மருத்துவர்கள் அறிவார்கள். ஆயினும் தோன்றிய இடத்தைப் பதிவதுதான் பதிவேட்டின் நெறி. அதை மீறினால் ஒருவரே இரண்டு இடத்தில் எண்ணப்படுவார்.

ஏறிய எண்

சட்டத்துக்கு முன், தாமாகப் பதிந்த மாநிலங்களின் தரவிலிருந்து 1998–2002 காலத்துக்குக் கிடைத்த மொத்த விகிதம் லட்சத்துக்கு 15-ஐ ஒட்டி இருந்தது. புற்றும் புற்றல்லாததும் ஏறத்தாழச் சரிபாதி. பிறகு வந்த எண்களைப் பாருங்கள். 2007–2011 காலத்தில் மொத்தம் 21.4, 2012–2016 காலத்தில் 23.4, 2016–2020 காலத்தில் 24.8. இதை மட்டும் ஒரு வரைபடமாக்கிச் செய்தித்தாளில் போட்டால் மூளைக் கட்டி காட்டுத்தீயாய்ப் பரவுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதையே இரண்டாகப் பிரித்தால் வேறு படம் கிடைக்கும். புற்றுத்தன்மை உள்ளவை அதே மூன்று காலங்களில் 7.25, 7.1, 6.9. ஏறவில்லை, மெல்ல இறங்கக்கூடச் செய்திருக்கிறது. புற்றல்லாதவை 14.2, 16.3, 17.9. ஏற்றம் முழுவதும் இந்தப் பக்கம்தான். அதற்குள்ளும் மெனிஞ்சியோமாவின் பங்கு மிகப் பெரிது. இன்று அமெரிக்காவில் பதியப்படும் மொத்த மூளைக் கட்டிகளில் பத்தில் நான்கு மெனிஞ்சியோமா. மூளைப் புற்றுகளில் மிகக் கொடிய வகையான கிளையோபிளாஸ்டோமா மொத்தத்தில் சுமார் 14 விழுக்காடு, புற்றுத்தன்மை உள்ளவற்றில் மட்டும் பார்த்தால் பாதி.

ஆகவே இது நோயின் ஏற்றமா, கண்டுபிடிப்பின் ஏற்றமா? பெரும்பகுதி இரண்டாவது என்பதே என் வாசிப்பு. அதற்கு மூன்று காரணங்கள் சேர்கின்றன. முதலாவது, பதிவாளர்களுக்குப் பழக்கம் வர ஆண்டுகள் ஆயின. எந்தப் பட்டியலைத் திறப்பது, எந்த வெளிநோயாளிப் பிரிவைக் கேட்பது என்பதெல்லாம் சட்டம் வந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடவில்லை. இரண்டாவது, எம்.ஆர்.ஐ. எடுப்பது பெருகியது. மூன்றாவது, அறுவை செய்யாமல் காத்திருக்கும் வழக்கம் வளர்ந்ததால் படத்தில் மட்டும் தெரியும் கட்டிகள் கூடின. அவற்றைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதே காலத்தில்தான் வந்தது.

இரண்டாவது காரணத்துக்கு நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நல்ல சான்று உண்டு. அங்கே எந்த நோய்க்குறியும் கேட்காமல், ஊரில் பொதுவாக வசிக்கும் 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 63. அதில் 1.6 விழுக்காட்டினரின் மண்டைக்குள் புற்றல்லாத கட்டி இருந்தது, பெரும்பாலும் மெனிஞ்சியோமா. 2007-இல் வெளிவந்த முடிவு இது. லட்சத்துக்கு என்று பெருக்கினால் 1,600. ஆண்டு விகிதத்தையும் ஒரு நேரத்தில் இருப்பவர் விகிதத்தையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் பதிவேட்டுக்கு எட்டாமல் எவ்வளவு பெரிய சேமிப்பு தலைகளுக்குள் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஸ்கேன் எந்திரம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு பதிவேட்டில் ஏறும்.

இது புதிதுமல்ல. 1980-களின் நடுவில் அமெரிக்கக் குழந்தைகளிடம் மூளைக் கட்டி விகிதம் திடீரென்று ஒரு படி ஏறி, பிறகு அந்த உயரத்திலேயே சமமாக நின்றது. நோயின் காரணம் ஏதோ பெருகியிருந்தால் தொடர்ந்து ஏறியிருக்கும். ஒரே படியாக ஏறி நின்றதால், எம்.ஆர்.ஐ. பரவியதே காரணம் என்று 1998-இல் 'சீர்' தரவை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். கோட்டின் உயரத்தைவிட அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

செல்போன் கேள்வி

மூளைக் கட்டி என்றதும் செல்போன் பற்றிக் கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிவேடுகள் உருப்படியான பதில் தந்திருக்கின்றன. நோயாளிகளிடம் 'எவ்வளவு நேரம் பேசினீர்கள்' என்று கேட்டு நடத்தும் ஆய்வுகளில் நினைவுப் பிழை தவிர்க்க முடியாதது. கட்டி வந்தவர் கட்டி இருக்கும் பக்கத்துக் காதில்தான் பேசியதாக நினைவுகூர வாய்ப்பு அதிகம். பதிவேடு யாருடைய நினைவையும் நம்பி இல்லை.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நான்கிலும் நாடு முழுவதையும் தழுவிய பதிவேடுகள் பல பத்தாண்டுகளாக உள்ளன. 1974 முதல் 2003 வரையிலான அவற்றின் தரவை எடுத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், செல்போன் பரவிய பின்னான ஆண்டுகளில் கிளையோமா (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி), மெனிஞ்சியோமா ஆகியவற்றின் போக்கில் தெளிவான திருப்பம் எதுவும் காணப்படவில்லை. 2011 மே மாதம் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை செல்போனிலிருந்து வருவது போன்ற ரேடியோ அலைகளைப் 'புற்று உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பிரிவில் வைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க ஆய்வாளர்கள் 'சீர்' தரவோடு அதைச் சோதித்தார்கள். ஒரு ஸ்வீடன் ஆய்வுக் குழு சொன்ன அளவுக்கு ஆபத்து உண்மையாயிருந்தால் 2008-இல் கிளையோமா விகிதம் உள்ளதைவிட 40 விழுக்காடாவது அதிகம் இருந்திருக்க வேண்டும். இல்லை. மிகச் சிறிய ஆபத்தையோ, பல பத்தாண்டு கழித்து வருவதையோ இந்த முறையால் மறுத்துவிட முடியாது. பெரிய ஆபத்து என்ற வாதம் மட்டும் இந்தத் தரவின் முன் நிற்காது.

இதே முறை ஆபத்தை உறுதிசெய்ததும் உண்டு. இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு முடி உதிர்ப்பதற்காக எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். அக்காலத்தில் அது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. மூளைக்குச் சென்ற அளவு சராசரி 1.5 கிரே (கதிர் அளவின் அலகு). அப்படிக் கதிர் பெற்ற 10,834 பேரைத் தொடர்ந்து கவனித்து 1988-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஒன்பதரை மடங்கு என்றது. கிளையோமாவுக்கு 2.6 மடங்கு. அந்த ஆய்வாளர்கள் புற்றுக் கட்டிகளை மட்டும் தேடியிருந்தால் மிகப் பெரிய பாதிப்பையே தவறவிட்டிருப்பார்கள். புற்றல்லாததை எண்ண வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு வாதம் தேவையில்லை. குழந்தையாக இருந்தபோது அரசு திட்டத்தின் கீழ் கதிர் பெற்றவருக்கு நாற்பதாம் வயதில் வரும் மெனிஞ்சியோமாவை எந்தப் பதிவேடும் எழுதாவிட்டால், அவருக்கு நேர்ந்தது நேரவேயில்லை என்றாகிவிடும்.

வகைப்பாடு மாறும்போது

எல்லையைச் சரியாக வகுத்தாலும் தலைவலி தீரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக் கட்டி வகைப்பாடு 2016-இல் முதன்முறையாக மரபணு அடையாளங்களை நோயின் பெயருக்குள்ளேயே கொண்டுவந்தது. அதுவரை நுண்ணோக்கியில் தெரியும் உருவமே பெயர். 2021 பதிப்பு இன்னும் ஒரு படி போய், ஐ.டி.ஹெச். மரபணுவில் மாற்றம் உள்ள கட்டியை கிளையோபிளாஸ்டோமா என்று அழைப்பதையே நிறுத்தியது. அது இனி நான்காம் தர ஆஸ்ட்ரோசைட்டோமா, அதாவது கிளையோமாவில் இன்னொரு வகை. அதே நோயாளி, அதே கட்டி, வேறு பெயர். பழைய தரவில் மரபணுச் சோதனை முடிவு எழுதப்படவே இல்லை என்பதால் பின்னோக்கித் திருத்தவும் வழியில்லை. அமெரிக்கப் பதிவேடுகள் 2018-இல் கண்டறியப்பட்ட நோயாளிகளிலிருந்து மூளைக் கட்டியின் மரபணு அடையாளத்துக்குத் தனிக் கட்டம் சேர்த்தன.

இன்னொன்று குழந்தைகளைப் பற்றியது. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் மூளைக் கட்டிகளில் ஒன்று, மெதுவாக வளர்வது, அறுவையில் குணமாகும் வாய்ப்பு நிறைய. பன்னாட்டுக் குறியீட்டில் இதற்குக் கடைசி இலக்கம் 1. வட அமெரிக்கா மட்டும் பழைய வழக்கப்படி 3 என்றே எழுதிவந்தது, அதாவது புற்று. 2023 முதல் அங்கேயும் 1. இனி வரும் அறிக்கைகளில் அமெரிக்கக் குழந்தைகளின் மூளைப் புற்று விகிதம் இறங்கித் தெரியும், புற்றல்லாத பக்கம் ஏறும். ஒரு குழந்தைக்கும் எதுவும் மாறியிருக்காது. அந்த வரைபடத்தைப் பார்த்து யாரும் வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது.

நம் பக்கம்

உலகக் கணிப்பான குளோபோகான் 2020-இல் மூளை, மைய நரம்பு மண்டலப் புற்று புதிதாக வந்தவர்கள் சுமார் 3.08 லட்சம், இறந்தவர்கள் 2.51 லட்சம் என்றது. இது சி70 முதல் சி72 வரை, புற்றுத்தன்மை உள்ளவை மட்டும். மெனிஞ்சியோமாவில் பெரும்பாலானவையும் பிட்யூட்டரிக் கட்டிகளும் இதில் இல்லை. வயது வேறுபாட்டைச் சமன்செய்யும் வயதுச் சீர்மைக்கும் இது உலகப் பொது மக்கள்தொகையைப் பயன்படுத்துகிறது, அமெரிக்க அறிக்கை 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகையை. ஆகவே அமெரிக்காவின் 24.8-ஐயும் குளோபோகான் இந்தியாவுக்குத் தரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அமெரிக்கர்களுக்கு இத்தனை மடங்கு அதிகம் என்று எழுதுவது பிழை. இணையத்தில் இந்த ஒப்பீடு திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1981-இல் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இயங்கும் சென்னைப் பதிவேடு 1982 முதல் தரவு சேர்க்கிறது. ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், பதிவேடுகளைப் புரட்டி, இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள். தகவல் தானாக வந்து சேரும் என்று காத்திருக்க முடியாத நாட்டில் இப்படித் தேடிப் போவதுதான் பதிவேட்டை உயிரோடு வைத்திருக்கிறது, அதைச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை. வசிப்பிட விதி இங்கேயும் அதேதான். வங்காளத்திலிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு வந்து அறுவை செய்துகொள்பவர் வேலூரின் விகிதத்தில் சேரமாட்டார்.

ஆனால் இந்தியப் பதிவேடுகள் எண்ணுவது கடைசி இலக்கம் 3 உள்ளவற்றை மட்டுமே. 2004-க்கு முந்தைய அமெரிக்கத் தேசியக் கணக்கு நின்ற இடம் அது. இங்கே அதற்குக் காரணமும் உண்டு, ஆள் குறைவு, நிதி குறைவு, கையில் இருக்கும் கருப்பைவாய், மார்பு, வாய்ப் புற்று வேலையே மலையளவு. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் நரம்பியல் அறுவையில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளாக இந்த ஊர்களில் மெனிஞ்சியோமாவும் ஷ்வன்னோமாவும் பிட்யூட்டரிக் கட்டியும் எடுக்கப்பட்டுவருகின்றன. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் அனுபவத்தை எழுதியிருக்கிறது. சென்னையில் வசிக்கும் லட்சம் பெண்களில் எத்தனை பேருக்கு ஆண்டுதோறும் மெனிஞ்சியோமா வருகிறது என்பதற்கான பதிலை மருத்துவமனை அனுபவங்களைக் கூட்டி எடுக்க முடியாது.

அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் வழி இது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு நகரப் பதிவேட்டில், அறுவை செய்து நோய்க்குறியியல் அறிக்கை கிடைத்த புற்றல்லாத கட்டிகளை மட்டும் முதலில் எழுதலாம். ஊழியர்கள் புற்றுநோய் மருத்துவமனைகளோடு நரம்பியல் அறுவைப் பிரிவுகளுக்கும் போகவேண்டியிருக்கும், அந்த அறிக்கைகள் ஏற்கெனவே அங்கே அலமாரியில்தான் இருக்கின்றன. குறியீட்டு நூலும் அதேதான், புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். பிட்யூட்டரியை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிட வேண்டும். பின்னால் சேர்த்தால் கணக்கில் பொய்யான படியேற்றம் தெரியும். ஸ்கேனில் மட்டும் தெரிந்த கட்டிகளைத் தனியார் ஸ்கேன் மையங்கள் ஒத்துழைக்கும் நிலை வந்தபின் சேர்க்கலாம். அப்போதும் அவற்றைத் தனிப் பத்தியில், 'படத்தில் மட்டும்' என்ற தலைப்பின் கீழ், அறுவையில் உறுதியானவற்றோடு கலக்காமல் அச்சிட வேண்டும்.